கஞ்சி போடாத நூல்

12-10-96, சனி

புத்தூர் லாரி ஆபீசுக்குப் பெட்டி வந்து ஒன்பது நாள் ஆகிறதாம். ஒருவனும் தகவல் சொல்லவில்லை. நானே போய் நின்றேன். குமாஸ்தா “மீதேனா அதி?”, உங்களுடையதா அது என்று தெலுங்கில் கேட்டுவிட்டு, அதன்மேல் வைத்திருந்த டீ டம்ளரை எடுத்தார். லுதியானாவிலிருந்து ஒரு கீறல் இல்லாமல் வந்த மெஷின். புத்தூரில் டீக்கறை.

பஸ் கூரையில் ஏற்றி நகரிக்குக் கொண்டு வந்து இறக்கினேன். பெட்டியை உடைத்ததும் நைனா தறியை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார். சோற்றுக் குண்டான் அளவில் இரும்பு உருளை, சுற்றிலும் எழுபத்திரண்டு ஊசி, பக்கத்தில் ஒரு கைப்பிடி. அவ்வளவுதான் மெஷின். கைப்பிடியைச் சுற்றினால் ஊசிகள் வரிசையாக எழுந்து, நூலைக் கவ்விக்கொண்டு இறங்கும். கீழே குழாய் மாதிரி சாக்ஸ் வளரும்.

“பையன் டிப்ளமா மெக்கானிக்கல்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு இருந்தேன். இன்னாடா இது, முறுக்கு பிழியறதா?”

“சாக்ஸ் பின்றது.”

“கரண்டு எங்க சொருகுவ?”

“கரண்டு வேணாம். கையால சுத்தணும்.”

“தறிய கையால ஓட்டிக்கினு இருந்தவன் நானு. கரண்டு தறி வாங்கறதுக்கு எத்தினி வருசம் ஆச்சு தெரியுமா? நீ திரும்பி கைக்குப் போற.”

காரணம் சொன்னால் புரியாது. அம்பத்தூரில் அப்ரண்டிஸாக இருந்த ஒரு வருடமும் ஒரே லேத்தில் ஒரே புஷ்ஷைக் கடைந்தேன். ஒருநாள் சத்தம் சரியில்லையே என்று கியர் பெட்டியைத் திறந்ததற்கு மெமோ கொடுத்தார்கள். இந்த மெஷினை நான் எப்போது வேண்டுமானாலும் திறக்கலாம். என் மொபெட்டை விற்று வாங்கியது.

அதே கம்பெனிதான் இப்போது நிரந்தர வேலைக்கு ஆர்டர் அனுப்பியிருக்கிறது. வெளிநாட்டுக் கார் கம்பெனி வருகிறதாம், அதற்குப் பாகங்கள் செய்யப் புது ஷெட் போடுகிறார்கள். என்னோடு படித்த எழிலரசன் அங்கே சூப்பர்வைசர், அவன்தான் சொல்லி வைத்தான். ஜனவரி இருபதாம் தேதி சேர வேண்டும்.

நைனா தீர்ப்புச் சொல்லிவிட்டார். பொங்கலுக்குள் நூறு ஜோடி விற்க வேண்டும். இல்லையென்றால் பேசாமல் பெட்டியைக் கட்ட வேண்டும். சரி என்றேன். மூன்று மாதம் இருக்கிறது. நூறு ஜோடி என்ன பெரிய விஷயம்?

13-10-96

விளக்கத் தாள் ஹிந்தியில். பத்தாம் வகுப்பில் ஹிந்தி பாஸ் செய்தவன்தான். எழுத்துக் கூட்டினால் சத்தம் வருகிறது, அர்த்தம் வரவில்லை. படத்தைப் பார்த்தே மெஷினைப் பூட்டிவிட்டேன். இரண்டு திருகாணி மிச்சம்.

16-10-96

வீட்டிலேயே நூல் இருக்கும்போது வெளியே எதற்கு வாங்க வேண்டும்? நைனா தறிக்கு வைத்திருந்த பாவு நூலில் ஆரம்பித்தேன். ஐந்தாவது சுற்றில் ‘டக்’. ஊசி நுனியில் நூலைப் பிடிக்க ஒரு குட்டி நாக்கு இருக்கிறது. அது உடைந்துவிட்டது.

17-10-96

இன்னும் மூன்று ஊசி.

19-10-96, சனி

லுதியானாவுக்குக் கடிதம் போட்டேன், ஆங்கிலத்தில். உங்கள் ஊசியின் உருக்கு தரமற்றது, பதம் போடத் தெரியாதவர்கள் மெஷின் செய்யக் கூடாது என்று. ஒரு பக்கம்தான் எழுத நினைத்தேன், இரண்டு பக்கம் ஆகிவிட்டது.

21-10-96

மெதுவாகச் சுற்றி, ஒவ்வொரு ஊசியையும் கையால் தூக்கிவிட்டு, ஒரு சாக்ஸ் முடித்தேன். தரையில் வைத்தேன். நின்றது. கால் இல்லாமல் தானாக நிற்கிறது.

ரோஜா தறிக்கு நூல் தார் சுற்றுவதை விட்டுவிட்டு எழுந்து வந்து பார்த்தாள். தங்கைக்கு இருக்க வேண்டிய மரியாதை அவளிடம் என்றைக்குமே கிடையாது.

“ணா, இதுக்குக் காலே வேணாம். தானே நடந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போயிடும்.”

அம்மா அதை எடுத்து மண்ணெண்ணெய் பாட்டிலுக்கு மாட்டினாள். கச்சிதமாக இருக்கிறது என்றாள்.

24-10-96

பல் விளக்கிக்கொண்டே நின்றேன். எதிர் வீட்டில் பாவுக்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தார்கள். தினமும் பார்க்கிறதுதான். பிரஷ்ஷை வாயில் வைத்தபடியே உள்ளே ஓடினேன்.

கஞ்சி!

தறியில் நூல் விறைப்பாக இருந்தால்தான் உரசலைத் தாங்கும். சாக்ஸ் மெஷினில் நூல் ஒவ்வோர் ஊசியிலும் வளைந்து சுருக்காக விழ வேண்டும். விறைத்த நூல் வளைய மாட்டேன் என்கிறது, ஊசி நாக்கு உடைகிறது. வேறு ஊர்க்காரனாக இருந்தால் கடையில் மெத்தென்ற நூலை வாங்கியிருப்பான், இந்தத் தப்பைச் செய்திருக்கவே மாட்டான். எங்கள் தெருவில் நூல் என்றாலே கஞ்சி போட்டதுதான், அதற்கு முன்னால் அது வெறும் பஞ்சு. ஒன்பது ஊசி போய்விட்டது. லுதியானாவுக்கு இரண்டு பக்கம் திட்டு வேறு போய்விட்டது.

நூலை வெந்நீரில் அலசிக் காயவைத்து, மெழுகுவர்த்தியில் உரசவிட்டு ஏற்றினேன். வெண்ணெய் மாதிரி ஓடுகிறது.

நைனா தொட்டுப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார். “கஞ்சிய எடுத்துட்டா அப்பால அது இன்னா நூலு? கைல நிக்கவே மாட்டேங்குது.”

9-11-96

நாளை தீபாவளி. இதுவரை பத்தொன்பது குதிகால். பத்தொன்பதும் கோணல். எல்லாவற்றையும் ஒரு கூடையில் போட்டு வைத்திருக்கிறேன்.

14-11-96

குதிகாலுக்கு மட்டும் கைப்பிடியைச் சுற்றக் கூடாது. பாதி ஊசிகளைத் தூக்கிவைத்துவிட்டு, இந்தப் பக்கம் அரைச் சுற்று, அந்தப் பக்கம் அரைச் சுற்று என்று ஆட்ட வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஓர் ஊசி குறைய வேண்டும், பிறகு ஒவ்வொன்றாகக் கூட வேண்டும். எண்ணிக்கை தப்பினால் கோணல். நான் பதினேழு எண்ணும்போது யாராவது கூப்பிடுகிறார்கள். “இன்னா?” என்று கத்திவிட்டுத் திரும்பினால் பதினேழா பதினெட்டா?

பத்தொன்பது தடவையும் அப்படித்தான். எல்லாத் தடவையுமா கூப்பிட்டார்கள்? இல்லை. பாதி தடவை நானே அவசரப்பட்டேன்.

இன்று குளித்துவிட்டு வந்தால் ரோஜா மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். கை ஆடுகிறது, வாய் கொய்யாப்பழம் தின்கிறது. குதிகால் நேராக இறங்கிக்கொண்டிருக்கிறது.

“எப்படி எண்ற?”

“நான் எங்க எண்றேன்? நைனா தறி அடிக்குதில்ல. ஒரு அடிக்கு இந்தப் பக்கம், ஒரு அடிக்கு அந்தப் பக்கம். ஊசி குறையறது கண்ணுக்குத் தெரியுது.”

“தறி நின்னா?”

“நானும் நிப்பேன். இன்னா போச்சு?”

டிப்ளமாவில் மூன்று வருடம். ஒரு வாத்தியாரும் இப்படிச் சொல்லித்தரவில்லை. இனிமேல் குதிகால் அவளுடையது. கோபம் வரவேண்டும், வரவில்லை. மெஷினைக் கழற்றி எண்ணெய் போட எனக்கு நேரம் கிடைத்தது.

20-11-96

லுதியானாவிலிருந்து சின்னப் பொட்டலம். உள்ளே பன்னிரண்டு புது ஊசி. கூட ஒரு சீட்டு, ஆங்கிலத்தில் ஒரே வரி: மெத்தென்ற நூல் போடவும்.

திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

5-12-96

மூன்று நாளாக மழை. அலசிய நூல் காயவில்லை. அம்மா அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயவைத்தாள். இப்போது சாக்ஸில் ரசம் வாசனை.

14-12-96, சனி

எழுதவே வெட்கமாக இருக்கிறது.

என் கணக்கு இதுதான். திருமலைக்கு ஜனங்கள் படியேறுகிறார்கள். செருப்பு கிடையாது. கல் குத்தும், மார்கழிக் குளிரில் ஜில்லென்று இருக்கும். ஆயிரக்கணக்கான கால்கள், ஒன்றிலும் சாக்ஸ் இல்லை. இதைவிடப் பெரிய மார்க்கெட் இந்தியாவிலேயே இருக்க முடியாது.

விடிந்ததும் நாற்பது ஜோடியோடு அலிபிரி அடிவாரத்தில் நின்றேன். மஞ்சள் வேட்டி, மஞ்சள் புடவை, கோவிந்தா கோவிந்தா. பையைத் திறந்து, “கல்லு குத்தாது, குளிராது” என்று தமிழிலும் தெலுங்கிலும் கூவினேன். பத்து மணி வரை ஒரு ஜோடி போகவில்லை. கடைசியாகத் திருத்தணிப் பக்கத்து ஆள் ஒருவர் நின்றார். வாங்குகிறாரோ என்று எடுத்து நீட்டினேன்.

“ஏம்ப்பா, நீ எந்த ஊரு?”

“நகரிங்க.”

“நகரியா. பக்கத்துலயே கீற. வெறுங்காலோட வரேன்னு வேண்டிக்கினு வந்துகீறேன், நடுவுல வந்து சாக்ஸ் மாட்டிவுட்றியே? மேல போனா சாமி என்னை இன்னான்னு கேப்பாரு?”

பக்கத்தில் நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். நானும் ஐந்து தடவை வெறுங்காலோடு ஏறியிருக்கிறேன். குத்தினால்தான் ஏறியது மாதிரி இருக்கும் என்று எனக்கே தெரியும். அந்த நேரத்தில் அது எங்கே போனது?

வீட்டில் சொன்னேன். நைனா தறியை நிறுத்திவிட்டுச் சிரித்தார். தறியை நிறுத்திவிட்டு! வடமாலபேட்டை வரைக்கும் கேட்டிருக்கும்.

15-12-96

ரோஜா சாயங்காலம் தார் சுற்றிக்கொண்டே சொன்னாள்: “ஏர்றப்ப சாமிக்குக் குடுத்த காலு. எறங்கி வந்தப்பறம் அவங்க காலு தானே? ரெண்டா நாளு நம்ம எப்படி நொண்டினோம், மறந்துட்டியா?”

நான் ஏன் இதை யோசிக்கவில்லை?

22-12-96, ஞாயிறு

இந்தத் தடவை திருப்பதி பஸ் ஸ்டாண்டு, மலை பஸ்கள் வந்து நிற்கும் இடம். இறங்குகிறவர்கள் பாதிப் பேர் மொட்டை. எல்லோரும் காலைத் தூக்கித் தூக்கி வைக்கிறார்கள்.

அங்கே மொட்டைத் தலைக்குத் தொப்பி விற்கும் அம்மா ஒருவர், பெயர் பத்மாவதி. என் பையைப் பார்த்துவிட்டு, “தல என்னது, காலு நீது” என்று சொல்லித் தன் தட்டுவண்டியில் ஒரு ஓரம் ஒதுக்கிக் கொடுத்தார். பாதி தெலுங்கு, பாதி தமிழ், முழுக்க அதிகாரம்.

ஒரு மணி நேரத்தில் பதினொரு ஜோடி! பாட்டுப் பாடவேண்டும்போல் இருந்தது. அப்புறம் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். சாக்ஸ் போட்ட காலில் ரப்பர் செருப்பு ஏறவில்லை. வார் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் போக வேண்டுமே! இங்கே யார் ஷூ போட்டுக்கொண்டு மலைக்கு வருகிறார்கள்? ஏழு ஜோடி திரும்பியது. நின்றது நாலு.

“பாபு, செருப்பு மாட்ற ஊர்ல பூட்ஸு சாக்ஸ் விக்கிற. நல்லா படிச்சிகீற” என்றார் பத்மாவதியம்மா.

24-12-96

கட்டைவிரலைத் தனிக் குழாயாகப் பின்னி, பாதத்தோடு பின்னலின் கண்ணுக்குக் கண் சேர்த்துவிட்டேன். அருமையான வேலை. தையலே தெரியாது. ஒரு ஜோடிக்கு இரண்டரை மணி நேரம்.

ரோஜா அதைப் பார்த்தாள், அப்புறம் கடிகாரத்தைப் பார்த்தாள்.

26-12-96

அவள் வழி: சாதாரண சாக்ஸ். நுனியில் கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே தையல் மெஷினில் நெருக்கமாக இரண்டு கோடு. இரண்டுக்கும் நடுவில் கத்தரி. திருப்பிப் போட்டால் முடிந்தது. ஜோடிக்கு ஆறு நிமிடம். பின்னல் அவிழ்ந்து ஓடிவிடும் என்று வாதாடினேன். நானே இழுத்துப் பார்த்தேன், ஓடவில்லை. கோடு எங்கே வரவேண்டும் என்பதற்குக் கெட்டிக் காகிதத்தைக் கஞ்சியில் இரட்டையாக ஒட்டிப் பாதம் மாதிரி ஒன்று வெட்டி ஆணியில் மாட்டியிருக்கிறாள். வெள்ளைக் காகிதம், விறைப்பாக, மில்லிமீட்டர் சுத்தம். சாக்ஸ் வேலையில் கஞ்சிக்கு இப்போது அது ஒன்றுதான் இடம். என் கட்டைவிரல் குழாயைப் பெட்டியில் வைத்துவிட்டேன். நல்ல வேலைதான். ஆனால் வேண்டாத வேலை.

திரும்பி வந்த ஏழு ஜோடியிலும் அப்படியே வெட்டித் தைத்தாயிற்று.

29-12-96, ஞாயிறு

முப்பத்தொரு ஜோடி. ஒன்றும் திரும்பவில்லை. ஒரு குண்டூர்க்காரர் சாக்ஸ் போட்டு, செருப்பு மாட்டி, நாலடி நடந்து பார்த்து, திரும்பி வந்து மாமியாருக்கு ஒன்று, சம்பந்திக்கு ஒன்று வாங்கினார். பத்மாவதியம்மா தொப்பி வாங்கியவர்களின் காலையே இப்போது முதலில் பார்க்கிறார்.

8-1-97

பகலெல்லாம் கரண்டு இல்லை. தெருவில் ஒரு தறி ஓடவில்லை. ஓடிய ஒரே மெஷின் எங்களுடையது. நைனாவிடம் இதைச் சொல்லிக் காட்ட வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். (அடக்கவில்லை. சொல்லிவிட்டேன்.)

ஆனால் ரோஜாவின் குதிகால் இரண்டு தடவை கோணிவிட்டது. தறிச் சத்தம் இல்லையே. கையை உதறிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நைனா வாசலில் சும்மா உட்கார்ந்து பீடிக்கட்டைச் சுவரில் தட்டிக்கொண்டிருந்தார். டக், டக், டக். தறி அடிக்கும் அதே வேகம். ரோஜா என்னைப் பார்த்தாள், கைப்பிடியைப் பிடித்தாள். நாலு குதிகால் முடியும்வரை அவர் நிறுத்தவில்லை. தெரிந்து தட்டினாரா தெரியாமல் தட்டினாரா என்று கேட்கவில்லை. கேட்டால் நிறுத்திவிடுவார்.

13-1-97, போகி

தொண்ணூற்று நாலு.

நேற்று சாயங்காலம் நான்கு மணிக்கே பையில் இருந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது. நல்லதாக இன்னும் ஆறு ஜோடி இருந்திருந்தால் அரை மணியில் போயிருக்கும். தீபாவளிக்கு முந்திய கோணல் கூடையையும் கொண்டுபோயிருந்தேன். தொப்பிகளை வைக்க. உள்ளே இருந்த கோணல்களைக் கொட்டிவிட்டு வர மறந்திருந்தேன். பத்மாவதியம்மா அதைக் கிளறினார்.

“இதி இன்னா, இத்தினி வச்சிக்கினு இல்லேன்ற?”

“குதிகால் கோணல்மா.”

“நாளைக்கு அவங்க விசாகப்பட்ணம் போயிடுவாங்க. கோணலை எட்துகினு உன்னைத் தேடி வருவாங்களா? ஆறு ஜோடிதானே பாபு.”

ஒரு நிமிடம் யோசித்தேன். யோசித்தது உண்மை. ஒரு கிழவர் காலில் அது குதிகாலுக்குப் பக்கவாட்டில் முடிச்சாக நிற்பது கண்ணுக்குத் தெரிந்தது. மூடிவிட்டேன்.

இன்று காலை நைனா கேட்டார்.

“எத்தினி?”

“தொண்ணூத்தி நாலு.”

“கூடைல கீதே?”

“அது கோணல். விக்கிறதுக்கு இல்ல.”

நைனா பழைய பாயைத் தூக்கிக்கொண்டு போகித் தீயில் போடப் போய்விட்டார்.

14-1-97

பொங்கல். சாப்பிட்டேன், தூங்கினேன்.

17-1-97

பஸ் கண்டக்டர் மூலமாகப் பத்மாவதியம்மா சொல்லி அனுப்பியிருக்கிறார். ஐம்பது ஜோடி வேண்டுமாம், அதில் இருபது ஜோடி சின்னப் பிள்ளைகள் அளவு. காளஹஸ்தியில் அவர் தங்கை கடைக்கும் சேர்த்து.

மூன்று நாள் தாமதம். பேச்சு பேச்சுதான். நூறு என்றார், சரி என்றேன், தொண்ணூற்று நாலில் நின்றேன். ரோஜாவுக்கு ஊசி மாற்றுவது எப்படி என்று காட்டிக்கொடுத்தேன். ஒரு தடவையில் பிடித்துக்கொண்டாள். அதுவே எரிச்சலாக இருந்தது.

19-1-97, ஞாயிறு

பெட்டி கட்டியாயிற்று. எழிலரசனுக்கு போன் செய்தேன். கேட்டில் ஆர்டரைக் காட்டினால்தான் உள்ளே விடுவார்களாம், மறக்காதே என்றான். அம்பத்தூரில் அதே லேத் இருக்குமா? இருந்தால் இந்தத் தடவையும் திறப்பேன்.

20-1-97, திங்கள்

விடிந்ததும் ஆர்டரைத் தேடினேன். டிரங்குப் பெட்டியில் இல்லை. டிப்ளமா சர்ட்டிபிகேட் பையில் இல்லை. சாமி படத்துக்குப் பின்னால் இல்லை. கத்தினேன். அம்மா ஓடி வந்தாள், ரோஜா வரவில்லை. மெஷின் முன்னால் உட்கார்ந்து, தேவையில்லாமல் ஊசிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

எனக்கே பிறகுதான் உறைத்தது. ஆணியிலிருந்து அந்தக் காகிதப் பாதத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். எழுத்துப் பக்கங்களை உள்ளே வைத்து ஒட்டியிருக்கிறாள். நடுவில் கம்பெனி முத்திரை. குதிகால் பக்கம் தலைகீழாக என் பெயர். கட்டைவிரல் இடுக்கில் சேரவேண்டிய தேதி பாதி வெட்டுப்பட்டிருக்கிறது. இருபத்தைந்து நாளாக அதை வைத்து நானும்தான் கோடு போட்டிருக்கிறேன்.

“அன்னிக்கு கெட்டியா வேற காகிதம் கெடைக்கலணா” என்றாள் ரோஜா, தலையைத் தூக்காமல்.

நம்பவில்லை. மேலே கேட்கவும் இல்லை.

நைனா சட்டை போட்டுக்கொண்டு, என்னைப் பஸ் ஏற்றத் தயாராக நின்றிருந்தார். கையை நீட்டினார். கொடுத்தேன். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். விரலால் சுண்டிப் பார்த்தார், பாவு நூலைச் சுண்டிப் பார்ப்பாரே, அப்படி. பிறகு கோணல் கூடை இருந்த மூலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“நல்ல கம்பெனிதான். காகிதம் கெட்டியா கீது.”

அதை அவரே ஆணியில் திரும்ப மாட்டினார். சட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்டார்: “சின்னப் புள்ளைங்க அளவுக்கு வேற வெட்டணுமில்ல?”

எட்டு மணிக்குக் கரண்டு போனது. பதினொன்று வரை வரவில்லை. நைனாவின் பீடிக்கட்டும் ஓயவில்லை. இருபத்திரண்டு குதிகால்.